குடிப்பெயரும் குடிபெயர்வும்

கனடாவின் மொன்றியல் நகரிலே வாழும் எம் உறவினர் ஒருவரின் இல்லத்தில் சில நாட்கள் தங்கியிருந்தோம். ஒரு ஞாயிறு காலை அவர் தம் மகனையும் உடன் அழைத்துக்கொண்டு, சென் லோறன்ஸ் நதியை ஒட்டிக் கியூபெக் நகர்வரை எம்மைக் காரிலே கூட்டிச் சென்றார். ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தூரம். நகரைக் கடந்து கிழக்கே திரும்பியதும், 83 மீற்றர் உயரத்திலிருந்து விழும் மொன்மொறன்சி நீர்வீழ்ச்சி கண்ணுக்கு விருந்தளித்தது. அதற்கும் அப்பால் உள்ளது லாஞ்ச் கார்தியேன் என்னும் சிற்றூர். காவற் சம்மனசு என்பது அப்பெயரின் பொருள். ஒருபுறம் குன்று, மறுபுறம் பெருநதி, நதியின் நடுவே ஓர்லேயான் தீவு. குன்றிலிருந்து நதிவரை நாடா விரித்தாற்போல நீண்டு ஒடுங்கிய தோட்டக் காணிகள்.

வழிநெடுக வாளாவிருந்த பையன் இவ்விடத்தில் வாய் திறந்தான். "மாமா, என்னுடைய வகுப்பிலே மூன்று திராம்பிளேக்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒருவருக்கொருவர் சொந்தமில்லையாம். அது எப்படி?"

"சொந்தந்தான் தம்பி, அவர்களுக்குத்தான் தெரியவில்லை" என்றார் தந்தையார். "அவர்கள் எல்லோருடைய பூட்டனும் இருந்த ஊரிலேதான் இப்போது நிற்கிறோம்."

கியூபெக் மாகாணத்தில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் திராம்பிளே என்பதே. நூற்றுக்கு ஒருவர் அப்பெயரைத் தாங்கியிருக்கிறார். பிரான்சிலோ முதலிடம் மார்த்தேன் என்ற பெயருக்கு. திராம்பிளே அங்கே அத்துணைப் பெருக்கமுடையதன்று. தாய்நாட்டில் அருகி வழங்கும் ஒரு பெயர் கடல் கடந்த நாட்டில் முதன்மை பெற்ற வரலாறு சுவையானது.

பிரெஞ்சு மக்களுக்கும் ஆதியில் குடும்பப் பெயர் கிடையாது. மத்திய காலத்தில் ஊருக்குப் பத்துப் பியேர்களும் பத்து ஜான்களும் பெருகியபோது, அடையாளம் காண்பதற்கு அடைமொழி வேண்டியதாயிற்று. தந்தை பெயரால் சிலர், தொழிலால் சிலர், உடற்குறியால் சிலர், இருந்த இடத்தால் சிலர் எனப் பெயர் பெற்றனர். லெபேவ்ர் என்றால் கொல்லர். லெபிளான் என்றால் வெள்ளையர். துபோன் என்றால் பாலத்தடியார். 1539ஆம் ஆண்டில் முதலாம் பிரான்சுவா மன்னர் பிறப்பித்த வில்லேர் கொத்திரே கட்டளை, ஞானஸ்நானப் பதிவேடுகளை முறையாக எழுதி வைக்குமாறு பணித்தது. ஏட்டில் ஏறிய பெயர் அதன்பின் எளிதில் மாறவில்லை. தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் சொத்தைப்போல் இறங்கிற்று.

திராம்பிளே இடத்தால் வந்த பெயர். திராம்பிள் என்பது குளிர்நாட்டு மரம் ஒன்று. அதன் இலைக்காம்பு தட்டையாயிருத்தலால், இளங்காற்று வீசினும் இலைகள் நடுங்கும். நம்மூர் அரசிலை சலசலப்பதைக் கண்டோர்க்கு அக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. அம்மரங்கள் செறிந்த தோப்புக்குத் திராம்பிளே என்று பெயர். பிரான்சில் இப்பெயர் கொண்ட ஊர்கள் பல உள. யாழ்ப்பாணத்தில் ஆலடி, புளியடி, நாவலடி என்று இடங்களைச் சொல்லி, அங்குள்ள குடும்பத்தை 'புளியடியார்' என்பதில்லையா? அதுபோலவே இதுவும்.

இனிக் குடிபெயர்ந்த கதைக்கு வருவோம். நோர்மண்டிக்குத் தென்புறத்தே பேர்ஷ் என்னும் சிறு பிரதேசம் உண்டு. அதனைச் சேர்ந்த ரொபேர் ஜிபார் என்பவர் 1634இல் கியூபெக்கின் அருகே பெருநிலம் பெற்று, அதைத் திருத்தத் தம் ஊராரையே அழைத்துச் சென்றார். அவ்வழி தொடர்ந்து சென்றவர்கள் சில நூறு பேரே. அவர்களில் ஒருவர், ராந்தோனே கிராமத்தில் 1626இல் பிறந்த பியேர் திராம்பிளே. 1647ஆம் ஆண்டில், இருபத்தொரு வயதில், அவர் கூலியாளாகக் கப்பலேறினார். இத்தகையோரை அக்காலத்தார் 'முப்பத்தாறு மாதக்காரர்' என்பர். வழக்கமான ஒப்பந்தம் மூன்று ஆண்டுகள் என்பதனால் வந்த பெயர். தவணை முடிந்ததும் ஊர் திரும்பியோர் பலர். பியேர் அங்கேயே தங்கினார்.

1657 ஒக்டோபர் 2ஆம் நாள், லா ரொஷேல் பக்கத்திலிருந்து வந்த ஓசான் அஷோன் என்னும் மங்கையை அவர் கியூபெக்கில் மணம் புரிந்தார். பின்னர் லாஞ்ச் கார்தியேனில் காடு வெட்டிக் காணி திருத்தி வாழ்ந்தனர். பிள்ளைகள் பன்னிருவர். ஆண்மக்களில் பியேர், மிஷேல், ஜாக், லூயி என்னும் நால்வர் வழியே பெயர் தழைத்தது. இன்று வட அமெரிக்காவிலுள்ள திராம்பிளேக்கள் ஏறக்குறைய அனைவரும் இந்தத் தம்பதியரின் வழித்தோன்றல்களே.

ஒரு பெயர் இவ்வளவு பெருகியதற்குப் பெரிய குடும்பங்கள் மட்டும் காரணமல்ல. 1759இல் ஆங்கிலப் படை கியூபெக்கை முற்றுகையிட்டபோது, நாம் நின்ற கரையோரத்து வீடுகளும் பயிர்களும் எரியூட்டப்பட்டன. 1763இல் பாரிஸ் உடன்படிக்கையினால் நாடு கைமாறிற்று. பிரான்சிலிருந்து மக்கள் வருவதும் ஏறத்தாழ நின்றுவிட்டது. அப்போது அங்கிருந்த பிரெஞ்சு மக்கள் எழுபதினாயிரம் பேரளவினரே. புதிய பெயர்கள் வரவில்லை. இருந்த பெயர்களே பெருகின. வீடு எரிந்தது; கொடி மாறிற்று; பங்குக் கோயிற் பதிவேட்டில் மட்டும் அதே பெயர் தொடர்ந்து எழுதப்பட்டு வந்தது.

காணி போதாமற்போகவே குடும்பம் மீண்டும் நகர்ந்தது. மூத்தோர் கிழக்கே ஷார்லவுவா மலைநாட்டுக்குப் போயினர். அங்கே ஊரெல்லாம் திராம்பிளே ஆனபோது, பெயருக்கு மேலும் ஒரு பட்டப்பெயர் வேண்டியதாயிற்று. அம்மைத் தழும்புடையோர் என்று பொருள்படும் 'பிக்கோத்தே' பிரிவினர் அத்தகையோர். அப்பிரிவைச் சேர்ந்த அலெக்சி திராம்பிளே முன்னின்று நடத்திய 'இருபத்தொருவர் சங்கம்' 1838 யூன் 11ஆம் நாள் சாகெனே நதிக்கரையில் இறங்கி, பைன் மரம் வெட்டும் தொழிலையும் குடியேற்றத்தையும் தொடங்கியது. அந்நிலம் இன்னு என்னும் ஆதிக்குடிகளின் வேட்டைப்புலமாயிருந்தது என்பதையும் மறத்தலாகாது. வேறு சிலர் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்றனர். அங்கே ஆங்கில எழுத்தர் கையில் அகப்பட்ட பெயர் 'டிறொம்பிளி' ஆயிற்று!

பெயரோடு வேறொன்றும் இறங்கியது. சில குடும்பங்களிலிருந்தே ஒரு பிரதேசம் முழுதும் பெருகியமையால், அரிய பரம்பரை நோய்கள் சில சாகெனேயில் மிகுதி. தைரோசின் என்னும் பொருளை உடல் முறையாகச் சிதைக்க இயலாமையால் ஈரல் கெடும் நோய் அவற்றுள் ஒன்று. அதன் கூற்றினைத் தாம் நோயுறாமலே தாங்குவோர் அங்கே இருபதில் ஒருவர். ஜெரார் புஷார் என்னும் அறிஞர் 1970களின் தொடக்கம் முதல் பங்குப் பதிவேடுகளை ஒன்றுசேர்த்து அமைத்த குடும்பத் தரவகம், இத்தகைய ஆராய்ச்சிக்குப் பேருதவி புரிகின்றது.

ஏட்டுக்குப் பின்னே நின்ற பெண்களை எண்ணாதிருக்க இயலவில்லை. பன்னிரு பிள்ளைகளைப் பெற்ற ஓசானின் 'அஷோன்' என்ற பெயர் பிள்ளைகளுக்கு இறங்கவில்லை. 1981ஆம் ஆண்டில் கியூபெக் சட்டம் திருத்தமுற்றது: மணமான பெண் தன் பிறந்தவீட்டுப் பெயருடனேயே வாழ்கிறாள், பிள்ளைக்குத் தாயின் பெயரையும் சூட்டலாம்.

திரும்பும் வழியில் பையன் மீண்டும் கேட்டான்: "அப்பா, எங்கள் குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம்?"

எம் உறவினர் சற்று நேரம் பேசவில்லை. 1983க்குப் பின் வந்து இறங்கிய எத்தனையோ தமிழரைப்போல, அவரும் விண்ணப்பத் தாளில் குடும்பப் பெயர் கேட்கப்பட்டபோது தம் தந்தையின் பெயரை எழுதியவர். நமக்குத் தந்தையின் பெயர் ஒரு தலைமுறையோடு மாறுவது. அங்கே அது ஒரே கையெழுத்தினால் நிலைபெற்றுவிட்டது.

"அது உன் அப்பப்பாவின் பெயர் தம்பி. தோட்டஞ் செய்தவர். கடல் தாண்டாதவர்."

"அப்படியானால் என்னுடைய பிள்ளைகளுக்கும் அவர் பெயர்தானா?"

"நீ வைத்திருந்தால்."

சாலையோரத்தில் மரங்கள் சில இலை நடுங்க நின்றன. பியேர் விட்டுவந்த மரத்துக்குக் கனடாவிலும் நெருங்கிய இனம் ஒன்று உண்டு. அதனையும் அந்நாட்டார் திராம்பிள் என்றே அழைக்கின்றனர். வீடு சேர்ந்ததும் பையன் ஒரு கொப்பியை எடுத்துவந்து, அப்பப்பாவின் ஊர், பிறந்த ஆண்டு, அப்பம்மாவின் பெயர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதலானான். அப்பம்மாவின் தந்தை பெயரைக் கேட்டபோது எம் உறவினருக்கு விடை தெரியவில்லை. அன்றிரவே ஊருக்குத் தொலைபேசி எடுத்தார்.