கொடுத்த வரத்தைத் திரும்பப் பெறும் உரிமை

தெய்வம் ஒருவனுக்கு ஆற்றல் அளிக்கிறது. அவன் அத்தெய்வத்தின் நெறியையே மீறி நடக்கிறான். அளித்த ஆற்றலைத் தெய்வம் திரும்பப் பெற இயலுமா? சமயத் தத்துவத்துக்கு உரியதாகத் தோன்றும் இக்கேள்விக்கு, பகடை உருட்டி ஆடப்படும் ஒரு விளையாட்டின் விதிநூல்கள் ஐம்பது ஆண்டுகளாக விடையளித்து வந்துள்ளன. பதிப்புக்குப் பதிப்பு அவ்விடை மாறி வந்திருப்பதுதான் கருதத்தக்கது.

1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவிலிருந்து டி.எஸ்.ஆர். நிறுவனம் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது. மேசையைச் சுற்றி அமர்வோரில் ஒருவர் கதையுலகை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாகி அவ்வுலகில் உலவுவர். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய முதற்பதிப்பில் மூன்றே வகைப் பாத்திரங்கள் இருந்தன: போர்வீரன், மந்திரவாதி, இவ்விருவரின் இயல்பிலும் பாதிப் பாதி கொண்ட ‘கிளெரிக்’ எனும் சமயகுரு.

இந்தக் குரு பிறந்தது பக்தியினால் அன்று, தேவையினால். ஆர்னசன் நடத்திய ‘பிளாக்மூர்’ ஆட்டத்தில் ஒருவரின் பாத்திரம் இரத்தக்காட்டேரியாகி, எவராலும் அடக்கவியலாத வலிமை பெற்றுவிட்டது. அதை எதிர்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஹாமர் நிறுவனத்தின் டிராகுலாத் திரைப்படங்களில் பீட்டர் குஷிங் ஏற்று நடித்த வான் ஹெல்சிங் முன்மாதிரியானார். செத்தும் சாகாதவற்றைத் துரத்தும் திறன் இன்றளவும் கிளெரிக்கின் அடையாளமாக இருப்பது இதனால்தான்.

தோற்றத்திலும் கருவியிலும் அக்குரு முற்றிலும் இடைக்கால ஐரோப்பியக் கிறித்தவர். முதற்பதிப்பின் பொருட்பட்டியலில் மரச்சிலுவையும் வெள்ளிச்சிலுவையும் விலையுடன் இடம்பெற்றன. கோலைப் பாம்பாக்குதல், பூச்சிப்படையை வருவித்தல், இறந்தோரை எழுப்புதல் ஆகிய மந்திரங்களின் ஊற்று விவிலியம் என்பதை விளக்க வேண்டியதில்லை. வெட்டுமுனையுள்ள ஆயுதம் ஏந்தலாகாது என்ற விதியைப் பேசுவோர், பேயோ சித்திரத் துகிலில் கையில் தண்டத்துடன் குதிரைமேல் தோன்றும் ஆயர் ஓடோவை நினைவூட்டுவது வழக்கம். படிநிலைப் பட்டங்களிலோ ஒரு வேடிக்கை உண்டு. சிற்றூர்ப் பாதிரியார், விகார், ஆயர் என்று ஏறிச் செல்லும் வரிசையில் ஆயருக்கு மேலே ‘லாமா’ அமர்ந்திருப்பார். அவருக்கும் மேலே பேட்ரியார்க். திபெத்தியத் துறவியைத் திருச்சபையின் பணி உயர்வுப் பட்டியலில் சேர்ப்பதில் எவருக்கும் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

அச்சேர்க்கை தற்செயலானதன்று. விளையாட்டின் உலகம் பல தெய்வங்களுடையது. குருவின் வடிவம் ஒரு தெய்வத்துக்கு உரியது. 1976-இல் வெளிவந்த துணைநூலும் 1980-இன் ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ நூலும் கிரேக்க, நார்ஸ் தெய்வங்களோடு இந்திரனையும் விஷ்ணுவையும் போர்க்குரிய எண்களுடன் பட்டியலிட்டன. ஆனால் அத்தெய்வங்களை வழிபடுவோரும் திருச்சபை ஊழியரின் அச்சிலேயே வார்க்கப்பட்டனர்: ஒரே தெய்வத்துக்கு வாழ்நாள் தொண்டு, அத்தெய்வத்திடமிருந்து மட்டுமே ஆற்றல். ஒரே வேள்வியில் அக்னியையும் இந்திரனையும் வருணனையும் அழைக்கும் வேதப் புரோகிதருக்கு அந்த அச்சில் இடமில்லை.

திருச்சபை அச்சு தன்னோடு ஒழுக்கக் கட்டுப்பாட்டையும் கொண்டுவந்தது. கைகாக்ஸ் 1979-இல் எழுதிய ஆட்ட நடத்துநர் கையேடு ஆற்றல் வரும் வழியை ஓர் அரசு அலுவலகத்தின் படிநிலை போலவே வகுத்தது. முதலிரு படி மந்திரங்கள் குருவின் கல்வியாலும் பயிற்சியாலும் கிட்டும். மூன்று முதல் ஐந்தாம் படி வரை தெய்வத்தின் ஏவலர் வழங்குவர். ஆறும் ஏழும் தெய்வத்திடமிருந்து நேரே வரும். நெறி தவறியவன் கேட்டது கிடைக்காமற் போகலாம். பரிகாரமும் செய்ய நேரலாம். ஆற்றல் இங்கே நாள்தோறும் வேண்டிப் பெறும் கடன்.

1989-இன் இரண்டாம் பதிப்பு, அமெரிக்காவில் இவ்விளையாட்டைச் சாத்தானிய வழிபாடு என்று சாடிய எதிர்ப்புகளின் பின்னணியில் வந்தது. பேய், பிசாசு என்ற சொற்களை அது தவிர்த்தது. குருவைப் பொறுத்தவரை அப்பதிப்பு செய்தது நுட்பமான வேலை. மந்திரங்களைப் பதினாறு துறைகளாகப் பிரித்து, எத்தெய்வத்தின் குருவுக்கு எத்துறைகள் திறந்திருக்கும் என்பதை அந்தந்தத் தெய்வத்தின் இயல்பே தீர்மானிக்கட்டும் என்றது. போர்த்தெய்வத்தின் குருவும் வேளாண் தெய்வத்தின் குருவும் வேறுவேறு ஆட்களாகும் வாய்ப்பு அப்போது பிறந்தது.

இத்தனைக்கும் நடுவே, மேசையில் கிளெரிக் ஆடுவோர் பட்ட பாடு வேறு. காயம் ஆற்றும் மந்திரங்கள் பெரும்பாலும் அவர் கையில் இருந்தமையால், எந்தக் குழுவும் அவரின்றிப் புறப்படத் தயங்கியது. அவ்வேடத்தை ஏற்கவோ பலரும் தயங்கினர். காலையில் வேண்டிப் பெறும் மந்திரங்களில் பெரும்பகுதி பிறர் காயங்களுக்கே போய்விடும். 2000-இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு, நல்லியல்புடைய குரு தாம் ஆயத்தம் செய்த மந்திரத்தை அந்நொடியே காயமாற்றும் மந்திரமாக மாற்றிக்கொள்ளலாம் என விதித்து அச்சுமையை இறக்கியது. ஆயுதத் தடை நீங்கியது. தெய்வமே இன்றி ஒரு கொள்கையைப் பற்றி நின்றும் ஆற்றல் பெறலாம் என்றாயிற்று. எனினும், தன் தெய்வத்தின் ஒழுக்கத்தைக் கடுமையாக மீறுபவர் பரிகாரம் செய்யும்வரை அனைத்தையும் இழப்பார் என்ற விதி அப்பதிப்பிலும் நின்றது.

பெரிய திருப்பம் 2008-இன் நான்காம் பதிப்பில் வந்தது. தெய்வம் குருவுக்கு நேரடியாக ஆற்றல் வழங்குவதில்லை, குருப்பட்டம் பெறும் சடங்கே அதை வழங்குகிறது, பட்டம் பெற்றபின் அவர் என்ன செய்கிறார் என்பது அவரைப் பொறுத்தது என்றது அப்பதிப்பு. புராணம் அறிந்தோர்க்கு இது புதிதன்று. பத்மாசுரனுக்குக் கொடுத்த வரத்தைச் சிவன் திரும்பப் பெறவில்லை. வரத்தின் கையிலிருந்து தப்பவே ஓட வேண்டியதாயிற்று. திருச்சபையின் அச்சிலிருந்து தொடங்கிய பாத்திரம், எவரும் திட்டமிடாமலேயே, புராண வரத்தின் அச்சுக்கு வந்து சேர்ந்தது. அப்பதிப்பின் ‘வார்லார்ட்’ எனும் படைத்தலைவன் தெய்வத் துணையின்றியே தோழரின் காயம் ஆற்றினான்; குணமாக்கலும் குருவின் தனியுரிமையாக இல்லாமற் போயிற்று.

2014-இன் ஐந்தாம் பதிப்பு அறிவு, வாழ்வு, ஒளி, இயற்கை, புயல், தந்திரம், போர் என ஏழு களங்களை முன்வைத்தது. நெறி தவறிய கிளெரிக்குக்குத் தனி விதி எதையும் அது வகுக்கவில்லை. 2024-இன் திருத்தப் பதிப்பில் களத்தைத் தேர்வதே மூன்றாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. தம் தெய்வம் எதன் தெய்வம் என்பதை விதிப்படி அறுதியிடும் முன்பே ஒருவர் குருவாக நடக்கத் தொடங்கலாம்.

இதைச் சமயத்தின் தேய்வு என்று மட்டும் படிப்பது எளிது. ஆனால் மேசையில் தெய்வம் தனியே அமர்வதில்லை. தெய்வத்தின் பெயரால் தண்டிப்பவர் எதிரே இருக்கும் ஆட்ட நடத்துநர்தான். ஆற்றலைப் பறிக்கும் விதி, ஒரு மனிதர் தம் மதிப்பீட்டை இன்னொருவர்மேல் தெய்வவாக்காகச் சுமத்தவும் இடமளித்தது. அவ்விதி மறைந்ததால் ஆடுவோர் அடைந்த விடுதலை மெய்யானது.

இழப்பும் மெய்யானதே. இழக்கக்கூடிய ஒன்றாக இருந்தவரையில் நம்பிக்கை அந்தப் பாத்திரத்தின் ஒவ்வொரு முடிவிலும் குறுக்கிட்டது: இந்தக் கைதியைக் கொல்லலாமா, இந்தப் பொய்யைச் சொல்லலாமா என்று நின்று எண்ண வைத்தது. இன்று அவ்வாறு நிற்பதா வேண்டாமா என்பதை விதிநூல் சொல்வதில்லை. குருவின் வேடமேற்பவர் தாமே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.