கம்பளிக்கு அவசரம் பிடிக்காது

உங்களைப் போலவே தமிழ்ப் பள்ளிக்குப் போகும் ஒரு பெண்ணின் அம்மா நான். மென்பொருள் வேலை செய்கிறேன். நான் படித்தது துபாயில். சின்ன வயதில் செம்மறி ஆட்டைப் படத்தில்தான் பார்த்தேன்.

இப்போது கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட் நகரில் இருக்கிறோம். இங்கே ஆர்டன்வுட் என்ற பழைய பண்ணை இருக்கிறது. ஜார்ஜ் பாட்டர்சன் என்பவர் 1850களில் தொடங்கிய பண்ணை அது. ஒரு வசந்த காலத்தில், ஆட்டுக்கு முடி வெட்டுவதைப் பார்க்க அங்கே போனோம். கம்பளி முழுவதும் ஒரு போர்வை மாதிரி ஒரே துண்டாக வந்தது!

"அம்மா, ஆட்டுக்கு வலிக்காதா?"

"உனக்கு முடி வெட்டினா வலிக்குதா? அது மாதிரிதான்."

பிறகு, ஆடு வளர்க்கும் நண்பர் ஒருவர் எங்களுக்கு ஒரு பை கம்பளி கொடுத்தார். பையைத் திறந்ததும் மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். ஒரே ஆட்டு வாசனை! தொட்டால் கையெல்லாம் பிசுபிசு என்று ஒட்டியது. அது ஆட்டின் தோலில் ஊறும் ஒருவகை மெழுகு. மழையில் ஆடு நனையாமல் காப்பது அதுதான். கம்பளிக்குள் வைக்கோல், முள், காய்ந்த புழுக்கை எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம்.

அடுத்து, கழுவ வேண்டும். மெழுகு உருக வெந்நீர் தேவை. ஒரு வாளியில் வெந்நீரும் சோப்பும் கலந்து, பாதிக் கம்பளியைப் போட்டேன்.

"அம்மா, தேய்க்கக் கூடாதாம். நான் புத்தகத்துல படிச்சேன்" என்றாள் மகள்.

எனக்கு அன்று நிறைய வேலை. "சீக்கிரம் முடிக்கணும் கண்ணு" என்று சொல்லிவிட்டு, துணி துவைப்பது போலக் கசக்கினேன்.

அவ்வளவுதான்! கம்பளி கெட்டியாகிவிட்டது. ஓர் இழையைக்கூடப் பிரிக்க முடியவில்லை. ஏன் தெரியுமா? கம்பளி இழையின் மேல், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் செதில்கள் உண்டு. வெந்நீரில் தேய்த்தால் அவை ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொள்ளும். பிறகு விடவே விடாது.

"நான் சொன்னேன்ல!" என்று மகள் அழுதாள்.

ஆமாம், சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. "தப்பு என்னோடதுதான், மன்னிச்சிடு" என்றேன்.

மீதிப் பாதிக்கு அவள்தான் தலைவி. நான் வெந்நீர் ஊற்றினேன். அவள் ஒரு கரண்டியால் கம்பளியை மெல்ல அமுக்கினாள். இருபது நிமிடம் யாரும் அதைத் தொடவில்லை. தண்ணீர் டீ மாதிரி பழுப்பாக மாறியது. கம்பளியை மெதுவாக எடுத்து, அதே சூட்டில் வேறு தண்ணீரில் போட்டோம். இப்படி நான்கு முறை. பிறகு நிழலில் உலர்த்தினோம்.

காய்ந்த கம்பளியை, கம்பிப் பல் வைத்த இரண்டு பலகைகளால் சீவினோம். மேகம் மாதிரி பொங்கி வந்தது! கோயம்புத்தூரில் இருக்கும் என் அப்பாவுக்கு வீடியோவில் காட்டினோம்.

"தாத்தா, இப்படிச் சீவுறதைத் தமிழ்ல என்ன சொல்றது?"

"பஞ்சா இருந்தா 'பன்னுறது'ன்னு சொல்லுவோம், கண்ணு. நம்ம மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளியே கிடையாது. நீலகிரி ஆட்டுக்குத்தான் நல்ல கம்பளி. நான் பள்ளிக்கூடத்துல தக்ளி வச்சுப் பஞ்சுல நூல் நூத்திருக்கேன், தெரியுமா?"

இது எனக்கே புதுச் செய்தி! இத்தனை வருஷமாக நான் அவரிடம் கேட்டதே இல்லை.

ஒரு குச்சியில் பழைய சிடியைச் சொருகி, நாங்களே தக்ளி செய்தோம். "மெதுவா இழு... இப்போ சுத்து... அறுந்தா பரவாயில்ல, மறுபடி ஒட்டு" என்று தாத்தா சொல்லிக்கொடுத்தார். பத்து தடவை அறுந்தது. கடைசியில் ஒரு முழம் நூல் கிடைத்தது. மகள் அதைத் தன் தமிழ் நோட்டில் கட்டி வைத்திருக்கிறாள்.

நான் கெடுத்த கம்பளி? அது என் கணினிக்குப் பக்கத்தில் இருக்கிறது. காபிக் கோப்பையை அதன்மேல்தான் வைப்பேன். நான் அவசரப்படும்போதெல்லாம் மகள் ஒன்றும் பேசமாட்டாள். அதைச் சுட்டிக் காட்டுவாள்!

புதிய சொற்கள்
புழுக்கை – ஆட்டின் சாணம்
இழை – முடி போன்ற மெல்லிய நார்
தக்ளி – கையால் சுழற்றி நூல் நூற்கும் சிறிய கருவி
முழம் – முழங்கையிலிருந்து விரல் நுனி வரை உள்ள நீளம்

பேசுவோம்
உங்கள் தாத்தா பாட்டி பள்ளியில் என்ன கைவேலை கற்றார்கள்? கேட்டு வந்து வகுப்பில் சொல்லுங்கள்.