சுத்தமான கோடு

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த ஐந்தாவது மாதம், நானே செய்த பட்டையை அவருடைய இடது முன்கையில் கட்டினேன். மூன்று எலக்ட்ரோடு, ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், போன் திரையில் ஒரு பச்சைக் கோடு. அவ்வளவுதான். கை அசையாவிட்டாலும் தசைக்கு லேசாகக் கட்டளை வந்தால் தோலின் மேல் அது மின்சாரமாகத் தெரியும். அதைக் காட்டினால் தினப் பயிற்சியில் அவருக்குத் தெம்பு வரும் என்று நினைத்தேன்.

"மணிக்கட்டைத் தூக்குங்கப்பா."

பத்து தடவை முயன்றார். கோடு அசையவில்லை. "ஒண்ணும் வரலியேப்பா" என்றேன். பட்டையை அவரே வலது கையால் பிரித்தார். அடுத்த இரண்டு நாளும் பயிற்சியே செய்யவில்லை.

என் கையில் அது பிரமாதமாக வேலை செய்திருந்தது. நன்றாக இறுக்கினாலும் தோலில் கிடைப்பது ஓரிரு மில்லிவோல்ட்தான். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதைவிடப் பெரிதாக வந்து உட்காரும். வயர் ஆடினால் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிய அலைகள். அதனால் 20-க்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டினேன். 50-இல் நாட்ச் ஃபில்டர் போட்டேன். தசையின் சொந்த வலுவும் பெரும்பாலும் 50-இலிருந்து 150-க்குள்தான் இருக்கிறது; கொஞ்சம் அதுவும் சேர்ந்து போகும், போகட்டும் என்று விட்டேன். கடைசியாக, ஓர் அளவுக்குக் கீழே வருவதெல்லாம் பூஜ்யம். அந்த அளவை என் கையைப் பார்த்து வைத்திருந்தேன். இருபத்து நான்கு வயதுக் கை.

ராத்திரி மூல டேட்டாவைத் திறந்தேன். நான் "தூக்குங்கப்பா" என்ற இடங்களில், பத்தில் ஆறு தடவை, கோடு லேசாகத் தடித்திருந்தது. சில மைக்ரோவோல்ட். ஒருவேளை தோளை உலுக்கியிருப்பாரோ? தெரியவில்லை. ஆனால் அதைத் துடைத்து எறிந்தது நான்.

ஃபில்டரைத் தொடாமல் கையிலிருந்து ஆரம்பித்தேன். முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, வயர்களை முறுக்கிக் கட்டி, மூன்றாவது எலக்ட்ரோடை முழங்கை எலும்பின் மேல் ஒட்டினேன். சார்ஜரைக் கழற்றினேன். அம்மாவிடம் மிக்ஸி போடாதே என்றேன் (சட்னி அன்றைக்கு அம்மியில்). பூஜ்ய அளவையும் அவருடைய ஓய்வுக் கையிலிருந்தே எடுத்தேன்.

"மிஷின் தப்புப்பா" என்றேன். என் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

முயன்றார். தோளைப் பிடித்துக்கொண்டேன். கை அப்படியே கிடந்தது. கோடு தடித்து அடங்கியது.

"ஏம்மா, இது நானா, கரண்டா?"

"இப்போ சும்மா இருங்க." கோடு மெலிந்தது. "தூக்குங்க." தடித்தது.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு மேலே பார்த்தார்.

"எதுக்கும் அந்த ஃபேனையும் நிறுத்திட்டுப் பாரு."