கூட்டுக் கணக்கு

காலரா வந்தவர் பெரும்பாலும் உடம்பில் தண்ணீர் வற்றித்தான் சாகிறார். சில மணி நேரம் போதும். வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் கொடுத்தாலும் பிரயோஜனமில்லை, உடம்பில் தங்காது. ஏன்? குடலின் உட்சுவரில் இருக்கும் செல்லைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

செல்லைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு. பத்தாயிரம் சவ்வுகளை அடுக்கினாலும் ஒரு தாளின் கனம் வராது. ஆக்சிஜன் யாரையும் கேட்காமல் உள்ளே போய்விடும். உப்புக்கும் சர்க்கரைக்கும் அது நடக்காது. சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள்தான் அவற்றுக்குக் கதவு. அதில் ஒரு கதவு ரொம்ப விசித்திரம். இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். (கூட்டுக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தால்தானே செக் பாஸாகும்!) அவை உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். ராபர்ட் கிரேன் 1960-ல் பிராக் நகரில் முன்வைத்த கருத்து இது.

சும்மா நடக்கிற வேலையும் இல்லை. செல்லின் பின்வாசலில் ஒரு பம்ப் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு ஏ.டி.பி. செலவு. அப்படி உள்ளே சோடியம் குறைவதால்தான் முன்வாசலில் சோடியம் முண்டியடிக்கிறது. குளுக்கோஸ் அதன் கையைப் பிடித்துக்கொண்டு நுழைகிறது.

காலரா நச்சு உப்பையும் தண்ணீரையும் குடலுக்குள் கொட்ட வைக்கிறது, உப்பு உள்ளே போகும் இன்னொரு வழியையும் அடைத்துவிடுகிறது. ஆனால் இந்தக் கூட்டுக் கதவை மட்டும் தொடுவதில்லை!

1971, வங்கதேசப் போர். எல்லை தாண்டிய அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்காவில் குவிந்தார்கள். ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. வாய்வழி கொடுக்கும் முறை டாக்காவில் 1968-லேயே சோதிக்கப்பட்டதுதான், ஆனால் டாக்டர் பக்கத்தில் இல்லாமல் கொடுக்கப் பலருக்கும் தயக்கம். டாக்டர் திலீப் மஹலனாபிஸ் துணிந்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. டிரம்மில் கலந்து வைத்தார்கள். அம்மாவும் அண்ணனும் டம்ளரில் பிடித்துப் புகட்டினார்கள். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, இப்படிச் சிகிச்சை பெற்றவர்களிடம் 3.6 சதவீதமானது.

அவருக்குப் பத்ம விபூஷண் 2023-ல் அறிவிக்கப்பட்டது. 2022 அக்டோபரிலேயே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இன்றைய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. குழந்தை முகம் சுளிக்கிறதே என்று கூட ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுவிடாதீர்கள். அளவு மிஞ்சினால் சர்க்கரையே தண்ணீரைக் குடலுக்குத் திரும்ப இழுத்துவிடும்.