சட்டையில் எழுதிய ஊர்

மே மாதம் பெரியகுளம் கடைத்தெருவில் நடக்கும்போது, வைக்கோலுக்குள் பழுக்கும் மாம்பழ வாசனை மூக்கில் ஏறியதும், எனக்குக் கூடைப்பந்து ஞாபகம் வந்துவிடுகிறது. சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு, தாத்தா வெயில் தாழும் முன்பே போய்த் துண்டை விரித்து இடம் பிடித்துவிடுவார், மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, வாயில் அதக்கி முடிக்கும்போது விளக்குகள் எரியத் தொடங்கும், பூச்சிகள் வெளிச்சத்தை மொய்க்கும், பந்து தரையில் விழும் சத்தத்தில் பேச்சு அடங்கும்.

"தாத்தா, நம்ம டீம் எது?" என்று கேட்டால், "இன்னிக்கு ஐ.சி.எஃப்., நாளைக்கு எதுன்னு நாளைக்குப் பாத்துக்குவோம்டா" என்பார். ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் என்று வந்த அணிகளெல்லாம் உத்தியோகஸ்தர்களின் அணிகள், கோப்பை முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை, உங்கள் ஊர் அணி என்று சொல்லி யாரும் எங்களுக்கு ஆசை காட்டியிருக்கவில்லை. அந்த ஆசையைக் காட்டியவை பிறகு வந்த கிரிக்கெட் அணிகள்.

2018 ஏப்ரலில் கம்பத்து டீக்கடை ஒன்றில், ஏலக்காய் போட்ட டீயின் ஆவிக்கு நடுவே, சென்னை சூப்பர் கிங்ஸ் புனேவுக்குப் போகிற செய்தியைக் கேட்டேன். காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் 10ஆம் தேதி ஒரே ஆட்டம் நடந்து, மீதி 6 ஆட்டங்களும் அங்கே மாறின, ரசிகர்கள் தனி ரயிலில் பின்னாலேயே போனார்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்றுக்காகக் குமுளிப் பக்கம் நடந்த பெரியவர் ஒருவர் கடையில் இருந்தார், "தண்ணி வரட்டும்யா, ஆட்டம் எங்க போயிரப் போகுது" என்றார், பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளைவிக்கிறவர் அப்படித்தான் சொல்வார், அவர் சொன்னதுபோல் அணி அடுத்த வருடம் திரும்பியும் வந்தது.

திரும்பி வராத அணிகள்தான் என்னை உறுத்துகின்றன. தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் முதல் கோப்பையை 2016இல் வென்றது தூத்துக்குடியின் டூட்டி பேட்ரியாட்ஸ், அது பிறகு சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆகிவிட்டது, காரைக்குடி காளை திருப்பூருக்கும், காஞ்சி வீரன்ஸ் நெல்லைக்கும் போயின. அப்போது ஆட்டங்கள் சேப்பாக்கம், நத்தம், திருநெல்வேலி என்று சில மைதானங்களில்தான் நடந்துவந்தன, எனவே ஊர் மாற்ற மைதானம் கட்ட வேண்டியிருக்கவில்லை, சட்டையைப் புதிதாக அச்சடித்தால் போதுமாயிருந்தது, பணம் போட்டவர் நல்ல விளம்பரதாரர் இருக்கிற பக்கம் நகர்வது வியாபாரத்தில் நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் முதல் கோப்பை எங்களுடையது என்று பள்ளிக்கூடத்தில் சண்டை போட்ட தூத்துக்குடிப் பையனிடம் யார் போய்ச் சொன்னார்கள்?

லண்டனில் விம்பிள்டன் கால்பந்துக் கழகத்தை மில்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுபோக 2002இல் அனுமதி கிடைத்ததும், ரசிகர்கள் அதே வருடம் தங்கள் சொந்தக் கழகத்தைத் தொடங்கி, கீழ்மட்ட லீக்கிலிருந்து ஏறி, 2020இல் பழைய ப்ளவ் லேன் தெருவுக்கே திரும்பினார்கள், அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

தாத்தா இல்லை, இப்போதைய மாம்பழத்தில் பாதிக்கு வாசனையும் இல்லை, ஆட்டம் பார்க்க வந்தவர்கள் போனில் வேறொரு ஆட்டம் பார்க்கிறார்கள். எங்கள் மாவட்டமான தேனியின் பெயரில் ஒரு அணி வராதா என்று வெகுகாலம் ஏங்கியவன் நான், இப்போது அந்த ஏக்கத்தோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது. யாராவது எங்கள் ஊர்ப் பெயரை வாங்க வந்தால், ஊரைக் கேட்காமல் அதை இன்னோர் ஊருக்கு மாற்றமாட்டோம் என்று முதல் டிக்கெட்டை விற்கும் முன்பே எழுதிக் கொடுக்கட்டும்.