சீன இசைக்குழுவில் ஒரு செல்லோ

சீன வாத்தியங்களுக்கு நடுவே செல்லோவுக்கு என்ன வேலை என்று கச்சேரி முடிந்ததும் யாராவது ஒருவர் கேட்காமல் போவதில்லை. சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றச் சீன இசைக்குழுவின் பின்வரிசையில் செல்லோ வாசிக்கிறேன். வாசிப்பவன் தமிழன் என்பது அவர்களுக்கு இரண்டாவது ஆச்சரியம். பள்ளியில் எந்த இணைப்பாட நடவடிக்கையில் இடம் கிடைத்ததோ அதுவே பிறகு வாழ்க்கையாகிவிடுகிற ஊர் இது என்பதால் அதை விளக்க அதிக நேரம் ஆகாது. முதல் கேள்விக்குத்தான் பதில் நீளம்.

சீனாவின் பழைய கூட்டிசையில் கீழ்ச்சுரங்களுக்கென்று தனி ஆள் வேண்டியிருக்கவில்லை. ஷாங்காய் வட்டாரத் தேநீர்க் கடைகளில் வளர்ந்த ஜியாங்னான் சிஜூ இசையில் குழல், வில்லால் வாசிக்கும் எர்ஹூ, மீட்டி வாசிக்கும் பீப்பா எல்லாம் ஒரே மெட்டைத்தான் வாசிக்கும். ஒவ்வொன்றும் தன் கைக்கு வந்த மாதிரி நிரவிக்கொண்டு போகும்; ஒன்று விட்ட இடத்தை இன்னொன்று நிரப்பும். பாடகரும் வயலினும் ஒரே கீர்த்தனையைத் தத்தம் வழியில் கொண்டுபோவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதல்ல. 20ஆம் நூற்றாண்டில் மேற்கத்திய சிம்பனியின் அமைப்பில் சீன இசைக்குழுக்களை நிறுவத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. 1953இல் பெய்ஜிங்கில் மத்திய வானொலியின் மரபிசைக் குழு உருவானது. நடத்துநர் பெங் ஷியூவென் அதை வளர்த்த விதம் மற்றக் குழுக்களுக்கெல்லாம் முன்மாதிரி ஆனது. வில் வாத்தியங்கள் ஒரு பக்கம், மீட்டுபவை, ஊதுபவை, தட்டுபவை என்று பிரிவுகள். அடியில் தாங்க ஹார்மனி. ஹார்மனி வந்தால் பாஸ் வேண்டும். அது சீன வில் வாத்தியங்களில் இல்லை.

அந்த இடைவெளியை நிரப்ப 1950களில் யாங் யூசென் என்ற வாத்தியக் கலைஞர் கெஹு என்ற ஒன்றைச் செய்தார். நான்கு தந்திகள், செல்லோவின் அதே சுருதி, ஆனால் ஒலிப்பெட்டியில் மரப்பலகைக்குப் பதில் தோல். அது எர்ஹூவின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது கேட்டதுமே தெரியும். ஆனால் அவ்வளவு பெரிய தோல் ஈரப்பதத்துக்கு ஏற்பத் தளர்ந்தும் இறுகியும் தொல்லை கொடுக்கும். பெரும்பாலான குழுக்கள் சத்தமில்லாமல் செல்லோவையும் டபுள் பாஸையும் கொண்டுவந்து உட்கார வைத்தன. சிங்கப்பூர் சீன இசைக்குழு 1990களில் தொழில்முறைக் குழுவானபோதும் அதே ஏற்பாடுதான்.

ஆக, விருந்தினராகக்கூட அல்ல, ஒரு குறையை அடைக்க வந்த ஆளாகத்தான் செல்லோ உள்ளே நுழைந்தது. இதை மறந்துவிட்டு வாசிக்கிறவர்கள்தான் குழுவின் ஒலியைக் கெடுக்கிறார்கள் என்பது என் எண்ணம். சிம்பனியில் பயின்று வருகிறவர்களுக்குக் கனமாக, நிறைவாக, தொடர்ச்சியாக இழுக்கும் பழக்கம் இருக்கும். இங்கே அந்தக் கனம் எல்லாவற்றின் மேலும் கம்பளி போர்த்திவிடும். மீட்டி வாசிக்கும் பீப்பா, ருவான், கோலால் தட்டி வாசிக்கும் யாங்ச்சின் எல்லாம் தொட்டவுடன் ஒலித்து உடனே தேயத் தொடங்குபவை. செல்லோவின் தடித்த தந்தி பேசத் தொடங்கவே ஒரு நொடியின் சிறு பங்கு பிந்தும். நடத்துநரின் கையைப் பார்த்து வாசித்தால் எப்போதும் பின்தங்கிய மாதிரியே கேட்கும். பெரிய ருவான் வாசிப்பவரின் வலது கையைப் பார்த்து, அவர் நகம் தந்தியைத் தொடுமுன்பே வில்லைப் பதிக்க வேண்டும். தொடங்கியபின் ஒலியைப் பிடித்துவைக்காமல் விட்டுவிடவும் வேண்டும்.

இடது கைக்கு வேலை இன்னும் அதிகம். எர்ஹூவுக்கு இரண்டே தந்திகள்: டி, ஏ. செல்லோவின் மேல் தந்திகள் இரண்டும் அதே டி, ஏ, சரியாக ஒரு ஸ்தாயி கீழே. எனவே எர்ஹூவின் விரல் போக்கைப் பார்த்தபடி பின்தொடர முடியும். ஆனால் எர்ஹூவுக்கு விரல்பலகை கிடையாது. தந்தி காற்றில் நிற்கிறது. கொஞ்சம் அழுத்தினாலே சுரம் ஏறும். அந்த அழுத்தத்திலிருந்தும் ஓர் அசைவு பிறக்கிறது. செல்லோவில் தந்தி மரத்தில் போய் முட்டி நின்றுவிடும். வைப்ராட்டோவை அகலமாக்கினால் எர்ஹூ போல வரும் என்று நினைப்பது வீண். அதைச் சுருக்கி, சுரத்தின் மேல்பக்கமாக மட்டும் தொட்டுத் திரும்ப வைத்தால் கொஞ்சம் நெருங்கும்.

ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் ஜாருவும் அப்படித்தான். 'இரண்டாம் ஊற்றில் தெரியும் நிலா' என்ற எர்ஹூ இசையை ஊ ஜூச்சியாங் மேற்கத்தியத் தந்திக் குழுவுக்காக அமைத்திருக்கிறார். அதன் செல்லோ பகுதியை எடுத்துப் பயிற்சி செய்யும்போதெல்லாம் அபிங்கின் பழைய ஒலிப்பதிவை முதலில் கேட்பேன். வூஷியில் தெருவில் வாசித்துப் பிழைத்த கண்பார்வையற்ற கலைஞர் அவர். யாங் யின்லியூ என்ற இசை ஆய்வாளர் 1950 கோடையில் கம்பி ஒலிப்பதிவுக் கருவியுடன் போய் அவரைப் பதிவு செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் அபிங் இறந்தார். மிஞ்சியது மூன்று எர்ஹூ, மூன்று பீப்பா உருப்படிகள். அவர் தந்திகள் இன்றைய எர்ஹூவைவிடத் தாழ்ந்த சுருதியில் இருந்தன. ஒலி கரகரப்பாக, ஒரு வயதானவரின் தொண்டைபோல இருக்கிறது. அவர் ஜாரு சுரத்தை நோக்கிப் போவதில்லை, சுரத்திலிருந்து புறப்படுகிறது. ஒரு சுரத்தை விட்டு நகர மனமில்லாமல் நகர்ந்து, அடுத்ததைக் கடைசிக் கணத்தில் தொடுகிறது. இனிமையாக வழுக்கிக்கொண்டு போய்ச் சேரும் ஜாருவை ஐரோப்பிய நூல்கள் கற்றுக்கொடுக்கின்றன. அது இங்கே ஒத்துவராது.

ஒத்திகையில் வேறொரு பிளவும் உண்டு. எங்கள் குழுவில் மூத்தவர்கள் ஜியன்பூ என்ற எண் சுரக்குறிப்பைப் படிக்கிறார்கள். செல்லோக்காரர்கள் ஐந்து கோட்டுக் குறிப்பை. "ஆறிலிருந்து எடுங்கள்" என்று லாவ்ஷி (எங்கள் ஆசிரியர்) சொன்னால் என் பக்கத்து நாற்காலிக்காரர் மனக்கணக்குப் போடுவார். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஒன்று என்பது சட்ஜமம். சுருதி எங்கே நகர்ந்தாலும் ஒன்று ஒன்றுதான். சிறு வயதில் பாட்டு வகுப்பில் சரளி வரிசை பாடியவனுக்கு இது தெரிந்த வீடு. இந்த எண் முறையைச் சீனத்தின் பழைய சொத்து என்று பலர் நினைக்கிறார்கள். ரூசோ 1742இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்த யோசனையிலிருந்து வளர்ந்து, பிரான்சில் திருத்தம் பெற்று, ஜப்பான் வழியாகச் சீனாவுக்கு வந்தது அது. ஐரோப்பா புறக்கணித்ததைச் சீனா அன்றாடப் புழக்கத்துக்கு எடுத்துக்கொண்டது.

நாலும் ஏழும்தான் உண்மையான தகராறு. கன்டோனிய இசையில் யீஃபான் என்ற சோகச் சாயல் கொண்ட முறை ஒன்று இருக்கிறது. அதில் நாலு சற்றே ஏறி நிற்கும், ஏழு சற்றே இறங்கி நிற்கும். பியானோவின் எந்தக் கட்டையிலும் அவை அகப்படாது. எர்ஹூவைவிட உயர்ந்த சுருதி கொண்ட காவ்ஹுவை வாசிக்கும் எங்கள் குழுப் பெரியவர் இயல்பாக அங்கே போய் நிற்பார். சம சுருதியில் கட்டிய யாங்ச்சினால் அங்கே போக முடியாது. செல்லோ யார் பக்கம்? யாங்ச்சின் ஒலிக்கும்வரை அதற்கு அடங்கிப் போவது, அது ஓய்ந்ததும் காவ்ஹுவோடு சேர்ந்துகொள்வது என்பது எங்கள் பிரிவின் எழுதாத ஏற்பாடு. நல்ல தீர்வு என்று சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் சம சுருதிக்கு இழுத்து நிறுத்துவதைவிட மேல்.

அந்தக் காவ்ஹுவே கலப்பில் பிறந்ததுதான். 1920களில் லூ வென்செங், எர்ஹூவின் பட்டுத் தந்தியை எடுத்துவிட்டு உருக்குத் தந்தி போட்டு, சுருதியை ஏற்றி, முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி வாசித்தார். அதே காலத்தில் பெய்ஜிங்கில் லியூ டியன்ஹுவா வயலின் கற்று, அதன் விரல் நிலைகளையும் வில் பயிற்சியையும் எர்ஹூவுக்குள் கொண்டுவந்தார். பத்துத் தனி உருப்படிகள், 47 பயிற்சிகள் எழுதிவிட்டு 1932இல், நாற்பதைத் தொடுமுன்பே போய்ச் சேர்ந்தார். கர்நாடக இசையிலோ, பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் நாம் வயலினையே எடுத்துக்கொண்டோம். தரையில் உட்கார வைத்து, சுருதியை மாற்றி, நம் கமகத்தைப் பேச வைத்தோம். சீனர்கள் வாத்தியத்தைத் தங்களுடையதாகவே வைத்துக்கொண்டு பயிற்சி முறையை வாங்கினார்கள். இரண்டிலும் இழப்பு உண்டு. இன்றைய எர்ஹூ மாணவர்கள் பிசிறில்லாமல் வேகமாக வாசிக்கிறார்கள். ஊருக்கு ஊர் இருந்த கைவாகு குறைந்துவிட்டது.

1959இல் ஷாங்காய் இசைக் கல்லூரி மாணவர்களாக இருந்த ஹே ஜான்ஹாவும் சென் காங்கும் எழுதிய 'பட்டாம்பூச்சிக் காதலர்கள்' வயலின் கான்செர்ட்டோ இன்னும் வேடிக்கை. ஷாவ்ஷிங் நாடகப் பாட்டையும் சீன வில் வாத்தியங்களின் ஜாருவையும் வயலினில் கொண்டுவர எழுதியது அது. இப்போது எர்ஹூக்காரர்கள் அதைத் தங்கள் வாத்தியத்துக்கு மாற்றி வாசிக்கிறார்கள். எர்ஹூவைப் பார்த்து வயலின் செய்ததை எர்ஹூ திரும்பச் செய்கிறது. வில்லின் மயிர் இரண்டு தந்திகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருப்பதால் வயலினின் கோர்டுகள் மட்டும் அதற்கு வராது.

மேடையில் கலப்பிசை என்று விளம்பரம் செய்யப்படுவதில் பெரும்பகுதி எனக்குப் பிடிப்பதில்லை. டிரம்ஸ் ஓட, மைக் வைத்த எர்ஹூ ஒரு சினிமா மெட்டை அழுதுகொண்டே வாசிக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் எளிதானது மட்டும் எடுக்கப்பட்டிருக்கும். எடுக்கத் தெரிந்தவர்கள் வேறு. கலாசாரப் புரட்சிக் காலத்தில் ச்சிங்ஹாய்க்கு அனுப்பப்பட்டு அங்கே நாட்டுப்புறப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த பிரைட் ஷெங், 1995இல் 'சீனாவில் கேட்ட ஏழு மெட்டுகள்' என்று தனிச் செல்லோவுக்கு எழுதினார். செல்லோக் கலைஞர் யோ-யோ மா வாசிப்பதற்காக எழுதியது. அதில் ஒரு சீன வாத்தியம்கூட இல்லை. எங்கே ஜாரு, எங்கே வெடுக்கென்று மீட்டல், எங்கே சுரம் தேய வேண்டும் என்பதெல்லாம் வாசிப்பவரின் கையில் ஏற்றப்பட்டிருக்கிறது. புதிதாக வரும் செல்லோக்காரர்களுக்கு அதில் ஒரு மெட்டைக் கொடுத்து, முதலில் எண்களில் பாடிவிட்டு வரச் சொல்கிறேன். பாட வெட்கப்படுகிறவர்களைக் காவ்ஹு பெரியவர் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவது வழக்கம். அவர் பாடிக்கொண்டேதான் வாசிப்பார்.

ஹாங்காங் சீன இசைக்குழு 2000களில் மலைப்பாம்புத் தோலுக்குப் பதில் பெட் பிளாஸ்டிக் படலம் போட்ட வில் வாத்தியங்களை உருவாக்கியது. கெஹுவும் அதில் உண்டு. பிளாஸ்டிக்குக்கு எங்கள் ஊர்ப் புழுக்கம் ஒரு பொருட்டில்லை. எங்கள் குழுவிலும் ஒன்று வாங்கலாமா என்று பேச்சு நடக்கிறது. பணம்தான் தடை. செல்லோக்காரர்கள் எதிர்ப்பார்கள் என்று லாவ்ஷி நினைத்துக்கொண்டிருந்தார். வந்தால் முதலில் என்னிடம் கொடுங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்; சி, ஜி, டி, ஏ, அதே சுருதிதானே.