வீட்டுக் கல்வியும் அரசு உதவியும்



அத்திப்பட்டில் நம் சபையின் சகோதரி ஒருவர், அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்த மகளுக்கு இனி வீட்டிலேயே கற்பிக்க விரும்பி, அதற்கு அரசு உதவி உண்டா என்று கேட்டார். உபாகமம் 6ஆம் அதிகாரம் எழுப்பிய வாஞ்சை அது. மகிழ்ந்தேன், ஆயினும் உடனே ஆமென் சொல்லவில்லை.

வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கு நம் அரசு பணம் தருவதில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டிலும் தொகை தனியார் பள்ளிக்கே செல்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம், கட்டணம் நம்முடையது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயிலும் பெண்ணுக்கோ, கல்லூரியில் சேர்ந்தபின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும், மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடும் காத்திருக்கின்றன. இதையும் எண்ணிப் பாருங்கள் என்றேன். அந்த அதிகாரம் குறிப்பிடும் வேளைகளும் வீட்டில் உட்காருகையில், வழிநடக்கையில், படுக்கையில், எழுகையில் அல்லவா?

ஜூனில் சிறுமி ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். இரவு உணவுக்குப் பின் தாயும் மகளும் நீதிமொழிகளை வாசிக்கிறார்கள்.